தாழமுக்கம் விலகுது, திருகோணமலைக்கு வாற நாலைஞ்சு நாள் எப்படியிருக்கும்?

வாடைக்கொண்டல் (உப்புவெளி), வெள்ளி மாலை

வணக்கம் உறவுகளே. காலமை தொடக்கம் ஒவ்வொருத்தராய்க் கேட்டுக்கொண்டிருக்கிறீங்கள், எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுறன்.

எங்களுக்குத் தெற்கால தீவைக் கடந்து போன தாழமுக்கம் இப்ப குமரிக் கடல் பக்கம் நிக்குது. நல்லா வலுக் குறைஞ்சு போச்சுது. இனி மாலைதீவுப் பக்கம் நகர்ந்து கரைஞ்சுபோகும் எண்டுதான் தெரியுது. அது திரும்பி எங்கட பக்கம் வராது. அந்தப் பயத்தை விடலாம்.

ஆனா வானம் வெளிச்சவுடனே எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்கிற பழக்கம் எங்களிட்ட இருக்குது. எனக்கு அதுதான் கவலை. திருகோணமலையில் வானமும் கடலும் ஆறும் ஒரே நாளில் அடங்கிறதில்லை. முதலில் காற்று விழும், பிறகு மழை விடும், அதுக்குப் பிறகுதான் கடல். எல்லாத்துக்கும் கடைசி மகாவலி ஆறு. நீங்கள் நிக்கிற இடத்துக்கு எது கடைசியாய் அடங்குமோ, அதைப் பார்த்து முடிவெடுங்கோ.

மழை: இண்டைக்கு இரவும் நாளைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, மூதூர், சம்பூர்க் கரையோரத்தில் விடியப்புறம்தான் கூடுதலாய்த் தூறும். கந்தளாய்ப் பக்கம் பின்னேரத்தில் ஒரு பாட்டம் வரலாம். ஞாயிறுக்குப் பிறகு வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கத் தொடங்கும். இரவில் குளிரும், காலையில் பனி இறங்கும். தை மாதத்துக்கு இது வழமை. எங்கட ஆண்டு மழை கிட்டத்தட்ட 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டி முடிஞ்சிடும். அதனால பருவத்தின் வால்பகுதிக்கு வந்திட்டம் எண்டு சொல்லலாம். வால்பகுதியிலயும் அடி விழும், அதைக் கீழ எழுதுறன்.

தாழமுக்கம் எங்க நிக்குது எண்டு அறிய ஒரு பழைய வழி இருக்குது, ஃபோன் தேவையில்லை. வெளியில் போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ. உங்கட இடது கைப் பக்கம்தான் தாழமுக்கம். அது எங்களுக்குக் கிழக்கில் கடலில் நிண்ட நேரம் வாடை (வடக்குக் காற்று) அடிச்சுது. இப்ப கொண்டல் (கிழக்குக் காற்று) அடிக்குது: கிழக்குக்கு முதுகைக் காட்டினால் இடது கை தெற்கைக் காட்டும். நாளைக்கு இந்தக் கொண்டல் தளர்ந்து பழையபடி வாடைக்கொண்டலாய் மெல்ல வீசத் தொடங்கினால், அந்தத் தாழமுக்கத்தின்ட பிடி எங்களை விட்டிட்டுது எண்டு அர்த்தம்.

இது என்ர கணிப்பு. கடலுக்குப் போறதுக்கும் வீட்டைவிட்டு எழும்புறதுக்கும் வளிமண்டலவியல் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் சொல்றதைத்தான் கேக்க வேணும்.

திருக்கடலூரான், வெள்ளி இரவு

அண்ணை, நேரடியாய்க் கேக்கிறன். காத்து விழுந்திட்டுது. கரையில நிண்டு பார்த்தால் அலையில வெள்ளைத் தலையே (நுரையே) இல்லை. விடியப் போகலாமா? வீட்டில அரிசியும் முடிஞ்சுது, போட்டுக்கு வாங்கின கடனும் நிக்குது. பெடியள் எல்லாரும் தயாராய் நிக்கிறாங்கள்.

வாடைக்கொண்டல்

தம்பி, உங்கட நிலைமை விளங்குது. அதனாலதான் நேராய்ச் சொல்றன், விடியப் போகவேண்டாம்.

வெள்ளைத் தலை காணேல்லை எண்டால் உள்ளூர்க் காத்து இல்லை, அவ்வளவுதான். வங்காள விரிகுடாவின் நடுவில் இத்தனை நாள் காத்து உழுத கடல் இன்னும் உருண்டுகொண்டு வருது. நீளமான, தலை உடையாத அலை. ஆழத்தில் நிக்கிற வள்ளத்துக்கு அது தெரியாது; மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும். கரைக்குக் கிட்ட வந்து அடி தட்டினவுடனே எழும்பி உடையும். வெளிக்கிடேக்க இல்லாத ஆபத்து திரும்பி வரேக்கதான். மீனோட பாரமாய் வாற ஃபைபர் போட்டைக் குறுக்கால திருப்பிப் போடுறது இந்த அலைதான்.

கரையில நிண்டு ஒரு அலை உடைஞ்சதிலிருந்து அடுத்தது உடையும் வரைக்கும் வாய்க்குள்ள எண்ணிப் பாருங்கோ. ஆறு ஏழுக்குள்ள அடுத்தது வந்தால் அது கிட்டக் காத்து எழுப்பின அலை, காத்தோட போயிடும். பத்துக்கு மேல போனால் தூரத்துக் கடல் இன்னும் அடங்கேல்லை. "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான" எண்டு தொடங்குற கடல் அறிவித்தல் எப்ப எடுபடுதோ, அப்ப போங்கோ. உள்துறைமுகத்துக்குள்ள வலை போடுறவை நாளைக்குப் பின்னேரம் பார்க்கலாம், அங்க மறைப்பு இருக்குது. சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் வெளிக்கடலுக்கு நேரே திறந்து கிடக்கிற கரை, அங்க பொறுக்கத்தான் வேணும்.

திருக்கடலூரான்

எண்ணினன். பதினொண்டு, பன்ரெண்டு வருது. சரி அண்ணை, நிக்கிறம். ஆனா வீரநகர்ப் பக்கம் கடல் கரையைத் தின்னுது, அதையும் ஆராவது எழுதுங்கோ. ஒவ்வொரு மாரிக்கும் வீட்டு வாசலுக்குக் கிட்ட வருது.

தம்பை வயல் (தம்பலகாமம்), வெள்ளி இரவு

எங்கட வட்டைக்குள்ள நெற்பயிர் பாதி குடலை (கதிர் இன்னும் வெளிவரேல்லை), பாதி பூ. இந்த மழை பிந்தி வந்த மழை. தண்ணி வரம்பை மேவி நிண்டது, இண்டைக்குத்தான் வரம்பு தெரியுது. விதானையார் வாய்க்காலை வெட்டிவிடச் சொல்றார், மேல்வயல்காரர் வேண்டாம் எண்டு நிக்கினம். உரம் போட வேண்டிய நேரமும் வந்திட்டுது. வாற கிழமை வெயில் எறிக்குமா எறிக்காதா, அதைமட்டும் சொல்லுங்க அண்ண.

வாடைக்கொண்டல்

எறிக்கும். திங்களுக்குப் பிறகு பகலில் நல்ல வெயிலை எதிர்பார்க்கலாம். பயிரைப் பற்றி என்னைவிட அறிஞ்ச ஆக்கள் இங்க இருக்கினம், அவை சொல்லட்டும்.

கமக்காரன் மகள் (கந்தளாய்)

தம்பலகாமத்து அண்ணாவுக்கு: நான் விவசாயம் படிச்சவள், வீட்டிலயும் வயல்தான்.

பூத்த வயலுக்கு இப்ப ஒண்டும் செய்ய ஏலாது, செய்யவும் வேண்டாம். நெல்லுப் பூ காலமை ஒன்பது மணியிலிருந்து நடுப்பகலுக்குள்ளதான் விரியும். உமி ரெண்டும் மெல்ல வாய் திறந்து, வெளியில வெள்ளையாய் மகரந்தப் பை தொங்கும்; ஒரு மணித்தியாலம் மட்டில் திரும்ப மூடிவிடும். அந்த நேரத்தில் மழை அடிச்ச கதிரில் சப்பி (மணி பிடிக்காத நெல்லு) விழும். விடியப்புறத் தூறல் எண்டு மேல எழுதியிருக்கினம், அது பூவுக்கு அவ்வளவு கேடில்லை. பத்து மணி மழைதான் கேடு.

குடலையில நிக்கிற வயலுக்கு யூரியா கொட்டவேண்டாம். இனி இரவு குளிரும், இலையில பனி நிக்கும், பயிரும் தழைச்சுப் பச்சையாய் நிக்கும். எரிபந்தம் எண்ட பூஞ்சை நோய்க்கு இதைவிட நல்ல சூழல் கிடையாது. கழுத்தில விழுந்தால் கதிர் முழுக்க வெள்ளையாய்ச் சாயும். தண்ணியை வடியவிட்டு, வெயில் பிடிச்ச பிறகு இலையின்ட நிறத்தைப் பார்த்து, கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரையும் கேட்டுப் போடுங்க. அடிமட்டையில அறக்கொட்டி (சாறு உறிஞ்சுற பூச்சி) இருக்குதா எண்டு குனிஞ்சு பார்க்க வேணும். மேலால நிண்டு பார்த்தால் தெரியாது. தூரை விரிச்சு, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல பாருங்க.

வாய்க்கால் விசயத்தில விதானையார் சொல்றது சரி. 75 மில்லிமீற்றர் மழை எண்டு வானொலியில சாதாரணமாய்ச் சொல்லுவாங்கள். ஒரு ஏக்கரில அது மூன்று இலட்சம் லீற்றர் தண்ணி. அதுக்குப் போக வழி வேணும். மேல்வயல்காரரிட்ட இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

தம்பை வயல்

நன்றி தங்கச்சி. காலமை எல்லாரையும் கூட்டிக் கதைக்கிறன்.

கிண்ணியா நானா, வெள்ளி இரவு

அண்ண, ஒரு சந்தேகம். என்ட ஃபோன்ல காத்தழுத்தம் காட்டுற ஆப் ஒண்டு இரிக்கி. இண்டைக்கிக் காலம பத்து மணிக்கிக் கூடிச்சி, பின்னேரம் நாலு மணிக்கிக் கொறஞ்சி போச்சி. வாப்பா பயந்து போய்ட்டாரு, திரும்பியும் தாழமுக்கம் வருதோ எண்டு. மருமகன் வாட்ஸ்அப்ல போட்டு ஊருக்கே பரவிட்டு.

வாடைக்கொண்டல்

நானா, வாப்பாவுக்குச் சொல்லுங்க, பயப்பிட ஒண்டுமில்லை. எங்கட மாதிரி வெப்பநாடுகளில் காத்தழுத்தம் ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் ஏறி ரெண்டு தரம் இறங்கும். காலை பத்து, இரவு பத்து மட்டில் உச்சம். பின்னேரம் நாலு, விடிய நாலு மட்டில் பள்ளம். ரெண்டு மூண்டு மில்லிபார் வித்தியாசம் வரும். நல்ல வெயில் நாளிலும் வரும். மாற்றம் அறிய வேணுமெண்டால் இண்டைக்குப் பத்து மணியை நேற்றுப் பத்து மணியோட ஒப்பிடுங்க. அப்படிப் பார்த்தால் உங்கட ஃபோனிலயும் ஏறித்தான் இருக்கும்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை மருமகனைக் கொண்டே திருத்திப் போடச் சொல்லுங்க. பயந்த சனம் இரவில் நித்திரையில்லாமல் கிடக்கும்.

கிண்ணியா நானா

ஓம், நேத்துப் பத்து மணிய விட இண்டைக்கிக் கூடத்தான். மருமகன் இப்பவே போட்டுட்டான். அல்லாஹ் காப்பான்.

துறைமுகவீதி, சனி காலை

மன்னிக்க வேணும், எனக்கு உடன்பாடில்லை. வெயில் எறிக்குது. கடைகளைத் திறக்க விடாமல், சனத்தை வீட்டுக்குள்ள பயமுறுத்தி வைக்கிறதும் ஒரு கேடுதான். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வருது எண்டு ஊரையே காலிபண்ணினாங்கள். டவுனில என்ன நடந்தது? ஓடு கூடப் பறக்கேல்லை. இப்ப போற தாழமுக்கத்துக்கும் எச்சரிக்கை எழுதினால், நாளைக்கு உண்மையாய் வரேக்க ஆரும் நம்பமாட்டினம். நாள்கூலிக்குப் போறவன் எத்தனை தரம் நிக்கிறது?

வாடைக்கொண்டல்

நீங்கள் சொல்ற கடைசி வரி முக்கியம், அதை நான் தட்டேல்லை. கடை திறக்கவேண்டாம் எண்டும் நான் எழுதேல்லை. டவுனுக்கு ஆபத்துக் குறைவு, திறவுங்கோ.

ஆனா புரெவியை நீங்கள் பாதியில விட்டிட்டீங்கள். 2020 மார்கழி 2 ஆம் தேதி இரவு அது எங்களுக்கு வடக்கால, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரையேறினது. டவுனில காத்துக் குறைவு, உண்மை. பிறகு அது வலுக் குறைஞ்சு மன்னார் வளைகுடாவில போய்க் குந்திக்கொண்டுது. குந்தியிருந்த நேரத்திலதான் யாழ்ப்பாணத்தில வெள்ளம் ஏறினது, தமிழ்நாட்டில கடலூர், சிதம்பரம் எல்லாம் மிதந்தது. புயலாய் வரேக்க செய்யாததை வலுக்குறைஞ்ச பிறகு செய்தது. தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், புயல் எண்டு தரம் பிரிக்கிறது காத்தின்ட வேகத்தை வைச்சு: மணித்தியாலத்துக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால் புயல். எவ்வளவு மழை கொட்டும் எண்டது அந்தத் தரத்துக்குள்ள வராது.

2011 ஐயும் யோசியுங்கோ. தையில பெரிய வெள்ளம் வந்து வடிஞ்சுது, சனம் முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பிச் சேறு கழுவிச்சுது. மாசித் தொடக்கத்தில ரெண்டாம் வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்தில தப்பின வயலும் அதில போச்சுது. பருவத்தின் வால்பகுதி எண்டு நான் மேல எழுதினதில இதையும் சேர்த்துத்தான் நினைச்சன்.

வெருகலாள், சனி காலை

நான் இந்த இழையை இரவிலிருந்து வாசிச்சுக்கொண்டிருக்கிறன். துறைமுகவீதி அண்ணாவுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும்.

2025 கார்த்திகையில டித்வா புயல். 28 ஆம் தேதி கிழக்குக் கரையால ஏறி, எங்கட மாவட்டத்துக்குள்ளால போய்த் திரும்பக் கடலில இறங்கினது. எங்களுக்கு அண்டைக்கு நல்ல காத்து, மழை, ஆனா வீடு நிண்டது. அது போன பிறகு மழை குறைஞ்சுது. அம்மா நனைஞ்ச பாயை எடுத்து வெளியில போட்டவ. மலைநாட்டில மண்சரிவு, அத்தனை நூறு பேர் செத்துப்போச்சினம் எண்டு செய்தி கேட்டு அழுதுகொண்டிருந்தம். அந்த மலையில விழுந்த தண்ணி எங்களிட்டத்தான் வருது எண்டு அப்ப எங்கட வீட்டில ஒருத்தரும் யோசிக்கேல்லை.

30 ஆம் தேதி மாவிலாற்று அணைக்கட்டு உடைஞ்சுது. தண்ணி சத்தம்போட்டு வந்தது எண்டு கதைக்கிறாங்கள், எங்கட ஒழுங்கைக்குச் சத்தமில்லாமல்தான் வந்தது. முதலில கிணத்தடியில கபில நிறமாய் ஒரு நாக்கு. அதில நுரை, மூங்கில் துண்டு, காய்ஞ்ச இலை. எங்கட பக்கத்து மரத்தின்ட இலையே இல்லை அது. நான் விளக்குமாத்தால தள்ளிவிட்டன். பிறகு பார்த்தால் படிக்கட்டு ஒண்டைக் காணேல்லை. மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று, எங்கட வெருகல், எல்லாம் ஒரே தண்ணி. சனத்தை ஹெலியில தூக்கினவை.

அதனால வெயில் எறிக்குது எண்டு ஆராவது எழுதினால் எனக்கு நெஞ்சு பதறுது. டவுனில இருக்கிறவைக்கு அது விளங்காது எண்டு நான் சொல்லேல்லை, ஆனா எங்களையும் நினைச்சு எழுதுங்கோ.

துறைமுகவீதி

தங்கச்சி, நான் டவுனை மட்டும் வைச்சு எழுதினன். நீங்கள் எழுதினதை வீட்டில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். உங்கட பக்கம் ஏதும் தேவையெண்டால் கேளுங்கோ, எங்களிட்ட லொறி இருக்குது.

வாடைக்கொண்டல், சனி மதியம்

வெருகலாள் எழுதினதுக்குப் பிறகு நான் கூட்டிச் சொல்ல அதிகமில்லை. அது எப்படி நடக்குது எண்டதை மட்டும் விளக்கிறன்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வாற ஆறு. கண்டி, நுவரெலியாப் பக்கம் விழுற மழை அணைக்கட்டுகளைத் தாண்டி, மன்னம்பிட்டியைக் கடந்து, பிறகுதான் எங்கட மாவட்டத்துக்குள்ள வந்து பிரியும். ஒரு கிளை வெருகலுக்குப் போகும், மற்றது கொட்டியாரக்குடாவுக்கு. மலையில் பெய்த மழை அதே நாளில் இங்க வராது. ஒரு நாளுக்கு மேல பிடிக்கும், மேல் அணைகளில வான்கதவு எப்ப திறக்கினம் எண்டதைப் பொறுத்து இன்னும் தள்ளிப்போகும். அதனால வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் ஆக்கள் தங்கட தலைக்கு மேல உள்ள வானத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுற மன்னம்பிட்டி நீர்மட்டத்தைப் பாருங்கோ. அங்க ஏறினால் உங்களுக்கு எழும்ப நேரம் இருக்குது. அங்க இறங்கத் தொடங்கினாலும் உங்களிட்ட உடனே இறங்காது.

இன்னொண்டு, கொண்டல் நேரே குடாவுக்குள்ள அடிக்கேக்க ஆத்து வாயில கடல் தண்ணியைப் பிடிச்சுத் தள்ளும். எங்கட கடலில ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனா அமாவாசை, பறுவத்தோட (பௌர்ணமியோட) கொண்டலும் சேர்ந்தால் வயலும் வீடும் நிக்கிற அந்தத் தட்டை நிலத்துக்கு அது காணும். காத்துத் தளர்ந்தால் வெள்ளம் வடியிறது வேகமாகும். அதுக்காகத்தான் காத்து மாறுறதை இவ்வளவு கவனமாய்ப் பார்க்கிறன்.

இந்தத் தரம் மலையில பெய்தது டித்வா அளவுக்குக் கிட்டவும் வராது. நான் மாவிலாற்றை நினைச்சுப் பயமுறுத்தேல்லை. தாழ்வான இடத்தில இருக்கிறவை ஞாயிறு இரவு வரைக்கும் ஆவணங்களையும் மருந்தையும் மேலே வைச்சிருங்கோ, ஆடு மாட்டை மேட்டில கட்டுங்கோ. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ட 117.

நிலாவெளிக்காரி

எங்கட விடுதியில வெள்ளைக்காரப் பிள்ளைகள் குளிக்கப் போகலாமா எண்டு கேட்டுக்கொண்டு நிக்கினம். புறாத் தீவுக்குப் படகு கேக்கினம்.

வாடைக்கொண்டல்

வேண்டாம் அக்கா. கடல் பார்க்க அமைதியாய்த் தெரிஞ்சாலும் கரையிலிருந்து வெளியால இழுக்கிற ஓட்டம் இப்ப வலுவாய் இருக்கும். கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் அனுப்புங்கோ.

கந்தளாய்ப் பெடியன்

எங்கட குளத்தின்ட வான்கதவு திறக்கப் போறாங்கள் எண்டு கதை. அம்மம்மா 1986 ஐச் சொல்லி அழுகிறா. உண்மையா?

கமக்காரன் மகள்

தம்பி, அம்மம்மா கண்டது சித்திரை 20, விடியப்புறம், குளக்கட்டே உடைஞ்சது. நூற்றுக்கு மேல சனம் போச்சுது. அவவின்ட பயம் நியாயம். அண்டைக்குக் கட்டு உடைஞ்சது மழையாலும் இல்லை. கதவு திறக்கிறது வேற விசயம்: கட்டுக்குப் பாரம் ஏறாமல் தண்ணியை மெல்ல விடத்தான் கதவு. திறக்கேல்லை எண்டால்தான் பயப்பிட வேணும். அவவுக்குப் பக்கத்தில இருந்து ஆறுதலாய்ச் சொல்லுங்க. நீங்க வான் வாய்க்காலுக்குக் கிட்ட மீன் பிடிக்கப் போகாதீங்க.

மருந்துக்காரர் (மூதூர்)

வெள்ளம் வடிஞ்ச வயலுக்குள்ள இறங்கிறவை எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை எடுக்க வேணும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேளுங்கோ, தருவினம். காலில புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். கிணத்துக்குக் குளோரின் போடாமல் குடிக்கவேண்டாம். காய்ச்சல் தலையிடி வந்தால் பனடோலோட வீட்டில கிடக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. வெயில் பிடிச்ச ஒரு கிழமைக்குள்ள நுளம்பு பெருகும். சிரட்டை, டயர், கூரைப் பீலி எல்லாம் கவிழ்த்து விடுங்கோ.

வாடைக்கொண்டல், ஞாயிறு காலை

புதிய நிலைமை. கொண்டல் தளர்ந்திட்டுது, விடியப்புறம் வடகிழக்கால மெல்லிய காத்து. நேற்று இரவு கரையோரத்தில தூறல் மட்டும். மன்னம்பிட்டியில மட்டம் நேற்றுப் பின்னேரம் உச்சத்தைத் தொட்டு இப்ப மெல்ல இறங்குது. வெருகல், மூதூர்ப் பக்கத்துக்கு இண்டைக்கு இரவுதான் உச்சம் வரும் எண்டு நினைக்கிறன். வீட்டுக்குள்ள வாற அளவு இருக்காது, ஆனா இறால்குழி, கங்கைப்பாலத்தடி வீதியில தண்ணி நிக்கலாம். மோட்டார்சைக்கிளில இரவில கடக்கவேண்டாம்.

கடல் அறிவித்தல் இன்னும் எடுபடேல்லை. அலை ஒன்பது, பத்து எண்ணிக்கைக்கு வந்திருக்குது. உயரமும் குறைஞ்சிட்டுது.

அடுத்த தாழமுக்கம் எப்ப எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கிறீங்கள். சென்னைக் காணொளிகளில வாற திகதியை எங்களுக்கு எடுக்கவேண்டாம், அவையளின்ட மழையும் எங்கட மழையும் ஒரே நாளில வாறதில்லை. தெற்கு வங்கக் கடலில ஒரு கிழமைக்கு ஒண்டும் தெரியேல்லை. அதுக்கு அங்கால சொல்றது ஊகம்.

வெருகலாள், ஞாயிறு இரவு

படிக்கட்டுக்குக் கீழே நிக்குது. கல்லில சோக்கட்டியால கோடு போட்டு வைச்சிருக்கிறன், ஏழு மணிக்குப் பிறகு ஏறேல்லை. அம்மாவைப் படுக்கச் சொல்லிட்டன், நான் பத்து மணிக்கும் ஒருக்காப் பார்த்து எழுதுறன்.

திருக்கடலூரான்

தங்கச்சி, நாங்களும் முழிச்சுத்தான் இருக்கிறம். எங்கட போட் ரெண்டும் ட்ரெயிலரில ஏத்திக்கிடக்குது, மூதூர் வரைக்கும் கொண்டுவர ஏலும். எந்த நேரமெண்டாலும் எழுதுங்கோ.

வெருகலாள், ஞாயிறு இரவு

பத்து மணி. கோடு வெளியில தெரியுது, ரெண்டு விரல் இறங்கிட்டுது. நன்றி அண்ணா, படகு தேவைப்படாது.